டிரங்க் பெட்டியில் அடங்கும் தொழில்

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் டலோனேகா என்று ஒரு மலையூர் இருக்கிறது. ராணுவத்தின் ரேஞ்சர் வீரர்களுக்கு மலைப் பயிற்சி கொடுக்கும் முகாம் அதன் அருகே உள்ளது. கணவர்களுக்கு அங்கே பணி அமைந்ததால் அந்த ஊருக்கு வந்து சேர்ந்தவர்கள் லிசா பிராட்லியும் கேமரன் க்ரூஸும். ஒருவர் எம்.பி.ஏ. முடித்தவர். மற்றவர் கட்டடக்கலை படித்தவர். படிப்புக்கேற்ற வேலை அந்தச் சிற்றூரில் இல்லை. இருந்திருந்தாலும் கிடைத்திருக்குமா என்பது சந்தேகம்தான். இரண்டு மூன்று வருடத்தில் மாற்றல் உத்தரவு வந்து கிளம்பிவிடுகிற பெண்ணை வேலைக்கு வைக்க எந்த முதலாளியும் யோசிப்பார். அமெரிக்கப் பாதுகாப்புத் துறை 2021-ல் எடுத்த கணக்கெடுப்பிலேயே, பணியில் உள்ள படைவீரர்களின் வாழ்க்கைத் துணைகளிடையே வேலையின்மை 21 சதவீதம்.

2011-ல் இருவரும் ஒரு வீட்டின் மாடிப் பரணில் தையல் மெஷினைப் போட்டார்கள். ராணுவம் கழித்த கூடாரத் துணி, மூட்டைப் பை, பழைய சீருடை ஆகியவற்றை வாங்கிப் பிரித்துக் கைப்பைகள் தைத்தார்கள். ‘ஆர். ரிவெட்டர்’ என்று பெயர் வைத்தார்கள். இரண்டாம் உலகப் போரின்போது ஆயுதத் தொழிற்சாலைகளில் உழைத்த பெண்களின் அடையாளமாக நின்ற ‘ரோசி த ரிவெட்டர்’ நினைவாக வந்த பெயர் அது. 2016-ல் ‘ஷார்க் டேங்க்’ தொலைக்காட்சி நிகழ்ச்சியில் முதலீட்டாளர் மார்க் கியூபன் 1,00,000 டாலர் கொடுத்து 20 சதவீதப் பங்கு வாங்கினார். அதன் பிறகு நாடு முழுக்கப் பெயர் பரவியது.

இந்தக் கதையைக் கேட்பவர்கள் மனதில் தங்குவது பெரும்பாலும் கூடாரத் துணிப் பைதான். ஆனால் இந்த அத்தியாயத்துக்கு வேண்டியது அந்த நிறுவனம் வேலையைப் பிரித்துக் கொடுத்த விதம். முழுப் பையை யாரும் தனியாகத் தைக்கவில்லை. ஒரு மாநிலத்தில் இருக்கும் வீரரின் மனைவி பழைய துணியைப் பிரித்து வெட்டுவார். இன்னொரு மாநிலத்தில் ஒருவர் தோல் பகுதியைத் தயார் செய்வார். மூன்றாமவர் உள்துணி மட்டும் தைப்பார். எல்லாத் துண்டுகளும் தபாலில் ஒரே பட்டறைக்கு வரும். அங்கே பை முழுமை பெறும். ஒவ்வொருவருக்கும் ஓர் எண் உண்டு. தான் செய்த துண்டில் அந்த எண்ணை முத்திரையாகக் குத்தி அனுப்புவார். கணவருக்கு மாற்றல் வந்தால் மனைவியின் முகவரிதான் மாறும். வேலை கையோடு போகும், எண்ணும் கூடவே போகும்.

ராணுவக் குடும்பங்களுக்கான எந்தக் கைத்தொழில் திட்டமும் இந்த இடத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். பயிற்சி, கடன், சந்தை எல்லாம் முக்கியம்தான். ஆனால் போஸ்டிங் வந்த மறுநாளும் அந்தப் பெண் கையில் வேலை இருக்குமா என்ற கேள்விக்குப் பதில் இல்லாத திட்டம் இரண்டு மூன்று வருடத்தில் கரைந்துவிடும்.

இந்தியாவில் முயற்சிக்குக் குறைவில்லை. ராணுவ வீரர்களின் மனைவியருக்காக 1966-ல் பதிவு செய்யப்பட்ட ‘ஆவா’ அமைப்பு நாடு முழுக்க இயங்குகிறது. கடற்படைக்கும் விமானப்படைக்கும் தனித்தனி அமைப்புகள் உண்டு. யூனிட்டுகளின் குடும்ப நல மையங்களில் தையல், பின்னல், மெழுகுவர்த்தி, மசாலாப் பொடி என்று பல வகுப்புகள் நடக்கின்றன. முதன்முறையாகச் சொந்த ஊரை விட்டு வந்த, இந்தி தெரியாத இளம் மனைவிக்கு அந்த மையம் பெரிய ஆறுதல். அதைக் குறைத்து மதிப்பிடுவதற்கில்லை.

ஆனால் வருமானம் என்று பார்த்தால் பல இடங்களில் கைச்செலவுக் காசைத் தாண்டுவதில்லை. மையம் ஓர் ஊரில் நிலையாக இருக்கிறது, பெண்கள் மாறிக்கொண்டே இருக்கிறார்கள். நன்றாகத் தைக்கப் பழகியவர் கிளம்பும்போது கற்ற கையும் அவரோடு போய்விடுகிறது. பொறுப்பில் இருப்பவரும் பெரும்பாலும் கமாண்டிங் ஆபீசரின் மனைவி என்பதால், அந்தக் குடும்பம் மாற்றலாகும்போது திட்டத்துக்கும் ஆள் மாறுகிறது. முன்னவர் சணல் பையில் ஆர்வம் காட்டியிருப்பார், அடுத்தவர் மெழுகுவர்த்தியில். வாங்கிவைத்த சணல் துணி அலமாரியில் மடித்தபடியே கிடக்கும்.

தமிழ்நாட்டு வாசகர்களுக்கு மகளிர் சுய உதவிக் குழு நினைவுக்கு வரலாம். 1989-ல் தர்மபுரியில் தொடங்கிய அந்த முறை லட்சக்கணக்கான பெண்களை வங்கிப் படி ஏற வைத்தது. ஆனால் ஒரே தெரு, ஒரே ஊர், மாதக் கூட்டத்தில் நேருக்கு நேர் உட்கார்வது என்பதுதான் அதன் உயிர்நாடி. ஜபல்பூரிலிருந்து ஜோத்பூருக்கும் அங்கிருந்து பெலகாவிக்கும் போகிற பெண்ணுக்கு அந்த அமைப்பு அப்படியே பொருந்தாது.

மையம் எங்கே இருக்க வேண்டும்?

கன்டோன்மென்ட்டுக்குள் மையம் வைப்பதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். அதைவிடச் சிறந்த இடம், ஓய்வுபெற்ற வீரர்களின் குடும்பங்கள் நிலையாகக் குடியிருக்கும் ஊர். வேலூர் அருகே கம்மவான்பேட்டையை ‘ராணுவப்பேட்டை’ என்றே அழைப்பார்கள். தலைமுறை தலைமுறையாகப் படையில் சேர்ந்த வீடுகள் அங்கே நிறைய. இப்படிப்பட்ட ஊர்களில் இருபது வருடம் குவார்ட்டர்ஸ் குவார்ட்டர்ஸாகச் சுற்றிவிட்டுத் திரும்பிய பெண்கள் இருக்கிறார்கள். ஐந்தாறு மாநிலத்துப் பழக்கம் தெரிந்தவர்கள். இந்தி பேசுவார்கள். இனி எங்கும் மாற வேண்டியதில்லை. துணி வாங்குவது, வெட்டி அனுப்புவது, வந்த துண்டுகளைச் சரிபார்த்து இணைப்பது, கணக்கு எழுதுவது ஆகியவை அவர்கள் கையில் இருக்கட்டும். பணியில் உள்ள வீரர்களின் மனைவியர் எந்த ஊரில் இருந்தாலும் துண்டு வேலையைச் செய்து அனுப்பட்டும். கணவர் குடும்பத்தோடு தங்க முடியாத ஃபீல்டு ஏரியாவில் இருக்கும்போது மாமியார் வீட்டில் தங்கும் மனைவியும் இதில் சேர முடியும். கன்டோன்மென்ட் மையங்கள் அவரைத் தொடுவதே இல்லை.

அடுத்தது எந்தக் கைவேலை என்பது. ராணுவ வாழ்க்கையில் எல்லாவற்றுக்கும் அளவுகோல் கறுப்பு டிரங்க் பெட்டி. பெயரும் நம்பரும் வெள்ளைப் பெயின்ட்டில் எழுதிய அந்த இரும்புப் பெட்டி ஒன்றில் கருவிகள் மொத்தமும் அடங்க வேண்டும். குரோஷா, கைத்தையல், துணிப்பை, பின்னல், சிறு எம்பிராய்டரி ஆகியவை அடங்கும். ஆரி வேலைக்குச் சட்டம் வேண்டும், ஆனால் கழற்றி மாட்டும் சட்டம் கிடைக்கிறது. சுடுமண் நகைக்குச் சூளை வேண்டும். சாயம் தோய்க்கத் தண்ணீரும் காயப்போட இடமும் வேண்டும். இரண்டும் குவார்ட்டர்ஸுக்கு ஒத்துவராது. இருக்கிற இரண்டு அறையில் பிள்ளைகள் படிக்கவும் வேண்டும் என்பதை மறந்து தொழில் தேர்ந்தெடுத்தால் முதல் மாதமே வீட்டில் சச்சரவு வரும்.

ஒரே பிளாக்கில் பஞ்சாபிப் பெண், வங்காளப் பெண், லக்னோ பெண் எல்லோரும் பக்கத்துப் பக்கத்து வீட்டில் இருப்பார்கள். ஒருவரிடமிருந்து மற்றவர் தையல் கற்றுக்கொள்வது ராணுவக் குடியிருப்பின் பெரும் சொத்து. கற்றுக்கொள்ளத் தடையில்லை, பெயர் வைத்து விற்பதில்தான் கவனம் தேவை. ஃபுல்காரி, லக்னோ சிக்கன், நக்ஷி காந்தா ஆகியவை புவிசார் குறியீடு பெற்றவை. நீலகிரியில் தோடர் இனப் பெண்களின் பூத்தையலுக்கு 2013-ல் அந்தக் குறியீடு கிடைத்தது. குன்னூர் வெலிங்டனில் மெட்ராஸ் ரெஜிமென்ட் மையம் இருப்பதால் பல குடும்பங்கள் அந்தச் சிவப்பு கறுப்புத் தையலைப் பக்கத்தில் பார்க்கும் வாய்ப்பைப் பெறுகின்றன. அதைப் பார்த்துத் தைத்து ‘தோடா எம்பிராய்டரி’ என்று விற்பது சட்டப்படி தவறு. தங்கள் பிழைப்புக்காக இன்னொரு சிறு சமூகத்துப் பெண்களின் பிழைப்பில் கை வைப்பதும் ஆகும்.

ராணுவத் துணி விஷயத்திலும் அமெரிக்க உதாரணத்தை அப்படியே பின்பற்ற முடியாது. இந்தியத் தரைப்படை 2022 ஜனவரி 15 படை தினத்தன்று புதிய போர்ச் சீருடையை அறிமுகப்படுத்தியது. அதன் டிஜிட்டல் வடிவமைப்பைப் பதிவும் செய்துவிட்டது. அந்த அச்சில் அனுமதியின்றித் துணி தயாரிப்பதும் விற்பதும் சட்டவிரோதம். சீருடை சாயலில் பை, தொப்பி, சட்டை எதுவும் வேண்டாம். பாதுகாப்பு காரணமாக எழுந்த தடை அது. ராணுவக் குடும்பமே மீறினால் கணவரின் பணிப் பதிவேட்டில் போய் நிற்கும். வெறும் காக்கி கேன்வாஸ் கடையில் கிடைக்கிறது. அது போதும்.

வேலையைப் பிரிப்பது

ஒரு கேன்வாஸ் தோள்பையை எடுத்துக்கொள்வோம். மையத்தில் இருப்பவர் முதலில் ஒவ்வொரு பாகத்துக்கும் கெட்டி அட்டையில் அளவு வெட்ட வேண்டும். பக்கத் துண்டு, அடித்துண்டு, உள்துணி, உள்பாக்கெட், கைப்பிடி என்று தனித்தனி. அட்டையின் ஓரத்திலேயே தையலுக்கு விட வேண்டிய அரை இஞ்சைக் கோடு போட்டுக் காட்ட வேண்டும். கூடவே சரியாகத் தைத்த மாதிரித் துண்டு ஒன்றும் போக வேண்டும். எழுத்தில் எத்தனை பக்கம் விளக்கினாலும் கையில் பிடித்துப் பார்க்கும் மாதிரிக்கு ஈடாகாது. மொழி தெரியாத பெண்ணுக்கும் மாதிரி பேசும்.

உள்துணி ஒன்று அளவு குறைந்து வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். வெளிப்பையோடு இணைக்கும்போது மேல்விளிம்பு இழுத்துச் சுருங்கும், ஜிப் நேராக உட்காராது. மையத்தில் இருப்பவர் துண்டின் மூலையில் உள்ள எண்ணைப் பார்த்து அன்றே போன் போட வேண்டும். “அக்கா, போன தடவை வந்த இருபதும் மேல கால் இஞ்ச் குறையுது. அட்டை தேய்ஞ்சிருக்கா பாருங்க.” அட்டைதான் தேய்ந்திருக்கிறது என்றால் புது அட்டை போகும், கூலியில் கை வைக்கக் கூடாது. தையல்தான் தவறு என்றால் திருத்தித் தர ஒரு வாய்ப்பு. இரண்டாம் முறையும் தவறினால் அந்தத் துண்டுக்கு மட்டும் கூலி இல்லை. இந்த விதி முதல் நாளே எல்லோருக்கும் எழுத்தில் தெரிந்திருக்க வேண்டும். சுபேதார் மனைவிக்கும் சிப்பாய் மனைவிக்கும் ஒரே விதி. தரம் பார்க்கும் பொறுப்புக்குக் கைத்திறன் மட்டுமே தகுதி. கணவரின் ரேங்க் தையல் மேசைக்கு வரக் கூடாது. இது சொல்ல எளிது, நடைமுறையில் சங்கடம் மிகுந்தது. துண்டில் எண் மட்டும் இருந்து பெயர் இல்லாமல் போவது இதற்கு நல்ல உதவி. சரிபார்ப்பவர் யாருடைய தையல் என்று தெரியாமலே தீர்ப்புச் சொல்லலாம்.

கூலியைத் துண்டுக்கு இவ்வளவு என்று வைப்பதே நல்லது. வேகமாகத் தைப்பவரையும் புதிதாகச் சேர்ந்தவரையும் விட்டுவிட்டு, நடுத்தர வேகமுள்ள மூவரிடம் ஒரே துண்டைக் கொடுத்து நேரம் பார்த்துச் சராசரி எடுக்க வேண்டும். மணிக்கு எவ்வளவு கொடுக்க நினைக்கிறோமோ அதை அந்த நேரத்தோடு பெருக்கினால் துண்டின் கூலி.

ஒரு பையின் கணக்கு

கீழே உள்ளது ஓர் உத்தேசக் கணக்கு. ஊருக்கு ஊர் விலை மாறும், போடும் முறை மாறாது.

துணி, உள்துணி, ஜிப், நூல், கைப்பிடிப் பட்டை எல்லாம் சேர்ந்து 130 ரூபாய். மூன்று பெண்களின் வேலை கூட்டினால் 3 மணி நேரம். மணிக்கு 60 ரூபாய் வீதம் 180. இருபது துண்டு ஒரே பார்சலில் போய் வருவதாக வைத்தால் தபால் செலவு பைக்கு 15. லேபிள், உறை 15. கழித்துப் போடும் துண்டுகளுக்கு 17. மையத்தில் கணக்கு எழுதுபவருக்கும் இணைப்பு மேசைக்கும் 33. ஆக 390 ரூபாய். கடைக்காரருக்கு விற்பனை விலையில் 30 சதவீதம் கமிஷன் என்றால் பையின் விலை 560 ரூபாய்க்குக் கீழே போகக் கூடாது.

இதே பையை ஆபீசர்ஸ் மெஸ் மேளாவில் 250 ரூபாய்க்கு விற்றுவிட்டு ‘எல்லாம் வித்துப் போச்சு’ என்று மகிழ்வதுதான் பல மையங்களில் நடக்கிறது. துணிக்காசு திரும்பி வருகிறது, கூலி வருவதில்லை. உழைத்தவர் மனைவி என்பதால் அந்த மூன்று மணி நேரத்துக்கு விலை போடத் தோன்றுவதில்லை. இந்தப் பழக்கத்தைத்தான் முதலில் உடைக்க வேண்டும்.

வருமானத்தையும் உள்ளபடி சொல்லிவிட வேண்டும். நாளுக்கு 3 மணி நேரம், மாதம் 22 நாள் வேலை செய்தால் இந்தக் கூலியில் 3,960 ரூபாய் வரும். குடும்பத்தைத் தாங்கும் தொகை அல்ல. ஆனால் பிள்ளையின் டியூஷன் கட்டணமோ, அம்மாவுக்கு அனுப்பும் மருந்துச் செலவோ யாரிடமும் கேட்காமல் கொடுக்க முடியும். இருபது பெண்களுக்கு இந்தத் தொகை கிடைக்க மாதம் 440 பைகள் விற்றாக வேண்டும். இந்த எண்ணைப் பார்த்த பிறகு யாரும் ஆர்வக்கோளாறில் ஐம்பது பேரைச் சேர்க்க மாட்டார்கள். ஐந்து பேரோடு தொடங்கினால் 110 பை. அதை விற்கப் பழகிவிட்டு ஆறாவது ஆளைச் சேர்க்கலாம்.

110 பையைக் கண்காட்சியில் ஒவ்வொன்றாக விற்பதை விட மொத்த ஆர்டர் பிடிப்பதே வழி. தமிழ்நாட்டில் கல்யாணத் தாம்பூலப் பை இதற்கென்றே அமைந்த சந்தை. ஒரு கல்யாணத்துக்கு 300, 500 என்று ஒரே அளவில் பை வேண்டும். தேதியும் முன்கூட்டியே தெரியும். விலை குறைவு என்பதால் இங்கே சிறிய, உள்துணி இல்லாத பை போதும், கணக்கையும் தனியாகப் போட வேண்டும். யூனிட்டுகள் தொடங்கிய நாளைக் கொண்டாடும் ரெய்சிங் டே நினைவுப் பரிசு, கல்லூரிக் கருத்தரங்குப் பை ஆகியவையும் அப்படியே. ‘வீரரின் மனைவி தைத்தது’ என்ற அடையாளம் முதல் பையை விற்றுக் கொடுக்கும். இரண்டாவது முறை வாங்குபவர் தையலைப் பார்த்துத்தான் வருவார். அனுதாபத்தை விளம்பரமாக்குவதை இந்தப் பெண்களில் பலர் விரும்புவதும் இல்லை. அவர்களைக் கேட்காமல் லேபிளில் எதையும் அச்சடிக்க வேண்டாம்.

தபால், தாள், போட்டோ

ஃபீல்டு பகுதிகளில் உள்ள யூனிட்டுகளின் முகவரி 56 ஏபிஓ, 99 ஏபிஓ என்று முடியும். அந்த முகவரிக்குத் தனியார் கூரியர் போகாது. ராணுவத் தபால் சேவை வழியாகத்தான் பார்சல் சேரும். துண்டு வேலை செய்யும் பெண்கள் இருக்கும் ஊரின் சாதாரண தபால் முகவரியை வாங்கி, ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்புவதே சிக்கல் இல்லாத வழி. போகவர இரண்டு வாரம் பிடிக்கும் என்று வைத்துக்கொண்டு ஆர்டருக்குத் தேதி சொல்ல வேண்டும்.

பதிவுகளில் முதலாவது உத்யம். 2020 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள இந்தச் சிறுதொழில் பதிவுக்குக் கட்டணமே கிடையாது. பணம் கேட்கும் இணையதளம் எதுவாக இருந்தாலும் போலி. கைவினைஞர்களுக்கு மத்திய அரசின் கைவினைத் துறை கொடுக்கும் ‘பெஹ்சான்’ அடையாள அட்டை அரசுக் கண்காட்சிகளில் இடம் பெற உதவும். ஜிஎஸ்டி பதிவு மாநிலத்துக்கு மாநிலம் தனி. கணவரோடு ஊர் மாறும் பெண் பெயரில் அதை எடுத்தால் ஒவ்வொரு மாற்றலுக்கும் தலைவலி. நிலையாக ஓர் ஊரில் உள்ள மையத்தின் பெயரில் எடுப்பதற்கு இது இன்னொரு காரணம். அறிவிக்கப்பட்ட கைவினைப் பொருட்களை வேறு மாநிலத்துக்கு விற்பவருக்கு, ஆண்டு விற்பனை 20 லட்சத்துக்குள் இருந்தால் பதிவிலிருந்து விலக்கு உண்டு. சில சிறப்பு மாநிலங்களில் வரம்பு 10 லட்சம். பான் எண்ணும் இ-வே பில்லும் மட்டும் கட்டாயம். ஆன்லைன் தளங்கள் வழியாக விற்கும்போது விதி வேறு என்பதால் தொடங்குமுன் ஒரு கணக்காளரிடம் கேட்டுவிடுவது நல்லது. குவார்ட்டர்ஸ் முகவரியில் எந்தப் பதிவும் செய்யுமுன் யூனிட் அலுவலகத்தில் எழுத்துமூலம் அனுமதி வாங்க வேண்டும்.

போட்டோ எடுக்கும்போது பின்னணியில் வெறும் சுவர் அல்லது விரித்த துணி மட்டும் இருக்கட்டும். யூனிட் பலகை, கேட், வண்டி, கொடியில் காயும் சீருடை எதுவும் படக் கூடாது. 2020 ஜூலையில் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் உட்பட 89 செயலிகளைப் போனிலிருந்து நீக்கச் சொல்லித் தன் வீரர்களுக்குத் தரைப்படை உத்தரவிட்டது. மனைவியின் விற்பனைப் பக்கமே தகவல் கசியும் வழியாகிவிடக் கூடாது. விற்பனைப் பக்கம் மையத்தின் பெயரில், மையத்தின் போன் எண்ணோடு இருப்பதே பாதுகாப்பு. முகம் தெரியாதவர் ‘மொத்த ஆர்டர்’ என்று பேச்சை வளர்த்து, கணவர் எங்கே இருக்கிறார் என்று விசாரித்தால் பேச்சை அங்கேயே நிறுத்திவிட்டு யூனிட்டில் சொல்லிவிட வேண்டும்.

கூலி அந்தந்தப் பெண்ணின் சொந்த வங்கிக் கணக்குக்கே போக வேண்டும். கணவரின் சம்பளக் கணக்கில் அவர் இணைப்பாளராக இருப்பது இதற்கு ஈடாகாது. தொகை சிறியதாக இருந்தாலும் அவர் பெயரில் மாதாமாதம் வரவு விழும் பாஸ்புக் நாளை கடன் கேட்கும்போது பேசும்.

மாற்றல் உத்தரவு வந்தால்

திட்டத்தின் பலம் தெரிவது இந்த நாட்களில்தான். மையத்துக்கு முதலில் தகவல் போக வேண்டும்: கிளம்பும் தேதி, கையில் உள்ள துண்டுகள், முடியாத வேலை. முடித்தவற்றை அனுப்பச் சொல்லி, லாரியில் சாமான் ஏறுமுன்பே கணக்கைத் தீர்த்துப் பணம் போட்டுவிட வேண்டும். பாதியில் நிற்கும் துண்டுகளைப் பெண் தன் டிரங்கில் அளவு அட்டைகளோடு எடுத்துப் போகலாம். புது ஊரில் குவார்ட்டர்ஸ் உடனே கிடைக்காமல் சில மாதம் வெளியே வாடகைக்கு இருக்க நேரிடலாம், அல்லது சொந்த ஊருக்குத் திரும்பலாம். அதுவரை தொடர்பு விடுபடாமல் மாதம் ஒரு போன் மையத்திலிருந்து போக வேண்டும்; அந்தப் பெண் கூப்பிடட்டும் என்று காத்திருக்கக் கூடாது. பிள்ளைகளின் பள்ளிச் சேர்க்கை, கேஸ் இணைப்பு, புது மொழி என்று அலைகிற பெண் தானாகக் கூப்பிட மாட்டார். கூச்சத்தில் வேலையை விட்டுவிடுவார். முகவரி உறுதியான ஒரு மாதத்துக்குள் சிறிய ஆர்டர் ஒன்று, பத்துத் துண்டாவது, அதே பழைய எண்ணில் அவருக்குப் போய்ச் சேர வேண்டும்.